மூன்று மணிப் பலகாரம்

பசுந்தாங், ரங்கூன்
ஷவ்வால் பிறை 7

அல்லாஹ்வின் திருப்பெயரால்.

அன்பு மகள் ஃபஹீமாவுக்கு உம்மா ஜைனப் சொல்லும் அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் வாப்பாவும் உன் தம்பி மாஹிரும் உடம்புக்கும் வயிற்றுக்கும் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படித்தான் இருக்கிறாய் என்று பெருநாள் காலையில் உன் வாயாலேயே கேட்டுவிட்டதால் இந்த வரியை இந்த முறை பயமில்லாமல் எழுதுகிறேன். நிற்க. போனில்தான் பேசியாகிவிட்டதே, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ பேசினால் வீடே காதை நீட்டிக்கொண்டு நிற்கிறது, மாஹிர் ஒரு பக்கம், வாப்பா ஒரு பக்கம், கீழ்வீட்டு ஹமீதுன்னிசா லாத்தா படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பக்கம், அதில் நான் உன்னோடு என்ன பேசிவிட முடியும். எதிர்வீட்டுச் சாந்தகுமாரியின் மகள் புஷ்பா வரும் புதன்கிழமை தோக்கியோவுக்குப் புறப்படுகிறாள், அங்கே போய் உனக்குத் தபாலில் போட்டுவிடுவதாகச் சொன்னாள், அவளிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலத்தையும் கொடுத்திருக்கிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும், அதனால் எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன், மெதுவாக வாசி, பர்மியில் எழுதியிருக்கலாமே உம்மா என்று அலுத்துக்கொள்ளாதே.

உன் முதியோர் இல்லத்தில் நடந்ததை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார், ஏனென்றால் இதைத் தெருவில் ஏழெட்டுப் பேருக்குச் சொல்லிவிட்டேன், தப்பாகச் சொல்லியிருந்தால் இனித் திருத்தவும் முடியாது. அங்கே தினமும் மூன்று மணிக்கு எல்லா முதியவர்களுக்கும் தேநீரும் ஒரு பலகாரமும் கொடுப்பது வழக்கம், யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று தாளில் எழுதிவைப்பது உன் வேலை. அந்தக் கொண்டோ என்கிற பெரியவர், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், நோன்பு தொடங்கி மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தன் பலகாரத்தைச் சாப்பிடாமல் உன் கையில் வைத்து அழுத்தியிருக்கிறார். நீ நோன்பு, வாயில் போட முடியாது. பெரியவர் கொடுத்ததை வேண்டாம் என்று தள்ள மனம் வரவில்லை. உணவு, குப்பையில் போடவும் மனம் வரவில்லை. காகிதம் சுற்றிய பலகாரம்தானே என்று கொண்டுபோய் உன் சாமான் பெட்டிக்குள் வைத்துவிட்டாய். தட்டு காலியாக இருந்ததால் தாளில் முழுவதும் சாப்பிட்டார் என்று எழுதிவிட்டாய். இப்படி ஒரு நாள் இல்லை, பதினேழு நாள். மாசக் கடைசியில் எடை பார்த்தபோது பெரியவர் இளைத்திருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிற மனுஷன் ஏன் இளைக்கிறார் என்று டாக்டர் கேட்டிருக்கிறார், நர்ஸ் உன்னிடம் கேட்டபோது நீ ஆமாம், சாப்பிட்டார் என்று மறுபடியும் சொல்லியிருக்கிறாய். அன்றைக்குச் சொன்னதுதான் என் மனதை ரொம்ப வருத்தியது, மற்றதெல்லாம் கூச்சம், அது பொய். ஆனால் மறுநாள் காலையில் யாரும் கேட்காமல் நீயே போய்ப் பெட்டியைத் திறந்து காட்டினாய், அதற்காக உன்னை இங்கிருந்தே கட்டிப்பிடித்துக்கொள்கிறேன்.

பிறகுதான் நீ எனக்குப் போன் செய்தாய். நீ அழுத அழுகையில் பாதி வார்த்தை புரியவில்லை. யாரும் திட்டவில்லை உம்மா, எல்லாரும் குனிஞ்சு நன்றி சொன்னாங்க, கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே கூட்டம் போட்டிருக்காங்க, என்னை அனுப்பிடுவாங்க உம்மா என்றாய், அதோடு லைன் அறுந்தது. அதற்கப்புறம் ஆறு நாள் நம் பக்கத்தில் இன்டர்நெட்டும் இல்லை, கரண்ட்டும் வருவதும் போவதுமாக இருந்தது. அந்த ஆறு நாளில் நான் கஞ்சி காய்ச்சினேனா, அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேனா என்று எனக்கே தெரியாது, ஒரு நாள் நோன்புக் கஞ்சியில் உப்பை இரண்டு தரம் போட்டேன், வாப்பா அதைக் குடித்துவிட்டு மாஹிருக்கு மட்டும் கண்ணைக் காட்டினார். பொறுக்கமாட்டாமல் லான்மடாவில் உனக்கு ஜப்பான் மொழி சொல்லிக்கொடுத்த டோ கின் மே சயாமாவைத் தேடிப் போனேன். வகுப்பில் இருபது பிள்ளைகள் வரிசையாக நின்று குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். சயாமா என்னை உட்காரவைத்து டீ கொடுத்து, ஜப்பான்காரர்கள் திட்டினால் பயப்பட வேண்டாம், வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று அர்த்தம், ஒன்றும் சொல்லாமல் நன்றி மட்டும் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது என்றார்கள். ஆறுதல் சொல்லத்தான் நினைத்தார்கள், பாவம். டீயை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன், நோன்பு என்று அவர்களிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, நீ யாருக்குப் பிறந்த பிள்ளை என்று அப்போது தெரிந்தது.

நீ போவதற்கு முன்னால் இந்த ஜப்பான்காரர்களைப் பற்றி நம் வீட்டில் ஆளுக்கு ஒரு நினைப்பு இருந்தது. எனக்கு அவர்கள் என்றால் உழைக்கிற சாமான், பழைய கார், பழைய தெர்மாஸ், வாங்கி இருபது வருஷமாகியும் சூடு போகாதது, டாலாவுக்குப் போகிற படகுகூட அவர்கள் கொடுத்ததுதான். இப்படிப்பட்ட சாமான் செய்கிறவர்கள் மனுஷனையும் அப்படித்தான் பார்ப்பார்கள், ஒரு திருகு கழன்றால் எடுத்து வெளியே போட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். மாஹிருக்கு அவர்கள் என்றால் பொம்மைப்படம். வாப்பாவின் நினைப்பு வேறு. சண்டைக் காலத்தில் இதே பசுந்தாங்கில் ஒரு முக்கில் ஜப்பான் சிப்பாய் நிற்பானாம், கடந்து போகிறவர் எல்லாரும் குனிந்துவிட்டுப் போக வேண்டுமாம், வாப்பாவுடைய வாப்பா அப்போது சின்னப் பிள்ளை, தலையில் கூடையோடு குனிய முடியாமல் நின்றதற்கு அறை வாங்கியவர். அதனால்தான் நீ வீட்டில் குனிந்து பழகியபோது, சோறு வடிக்கிற பானைக்கு முன்னால்கூடக் குனிந்து நாங்கள் சிரித்தபோது, வாப்பா எழுந்து வெளியே போனார். நீ கவனித்தாயோ இல்லையோ, உன்னை அனுப்ப அவர் சரி சொன்னாரே தவிர மனம் வைக்கவில்லை. அந்த ஆறு நாளில் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான், அவங்களும் வாயத் தொறக்க மாட்டாங்க, நம்ம பிள்ளையும் தொறக்க மாட்டா, யாரு யாருக்கு என்னத்தப் புரியவைக்கிறது என்றார்.

பெருநாள் தொழுகை முடிந்து வாப்பாவும் மாஹிரும் படியேறும்போதுதான் உன் போன் வந்தது. போகச் சொல்லலை உம்மா என்று நீ சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு அல்லாஹ்வுக்கு ஆயிரம் நன்றி. மறுநாளே டோ கின் மே சயாமா மூன்று மாடி ஏறி நம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள், உன் இல்லத்துத் தலைவி ஒகாவா அம்மா வாப்பாவுக்கும் எனக்கும் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு. சயாமா ஜப்பான் மொழியில் வாசித்து பர்மியில் சொன்னார்கள், நான் வாப்பாவுக்குத் தமிழில் சொல்லவே தேவையிருக்கவில்லை, புரிந்துவிட்டது என்று அவர் முகமே சொல்லிற்று. உங்கள் மகள் தாளில் தவறாக எழுதியது தவறு, அதற்கு அவள் விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள், அது முடிந்துபோனது என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார்கள், சுற்றி வளைக்கவில்லை. அதற்கப்புறம் எழுதியிருந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. உங்கள் மகள் மதியத்தில் எங்களோடு உட்காராமல் துணி துவைக்கிற அறையில் தனியாக இருந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம், கேட்டால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் இது நடந்திருக்காது, பெற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்று எழுதி, இதைச் சொல்லி உங்கள் மகளுக்கு முன் குனிந்தேன் என்று முடித்திருந்தார்கள். வாப்பா அந்த இடத்தை மறுபடியும் வாசிக்கச் சொன்னார். அவங்களா நம்ம பிள்ளைக்குக் குனிஞ்சாங்க என்று கேட்டார், சயாமா ஆமாம் என்றார்கள். பிறகு வாப்பா கீழே போய் சயாமாவுக்குப் பேருந்து நிறுத்தம் வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு போனார், அத்தனை வெயில்.

பலகாரங்களைச் சுற்றிய காகிதத்தில் ஒவ்வொன்றிலும் நீ தேதி எழுதியிருந்தாயாமே, சமையலறையில் எதைத் திறந்தாலும் தேதி எழுத வேண்டும் என்று அவர்கள் சொல்லிக்கொடுத்த பழக்கம். அந்தத் தேதிகளையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் நீ ஒன்றைக்கூடத் தின்னவில்லை, யாருக்கும் கொடுக்கவில்லை, மறைத்தாலும் எடுக்கவில்லை என்று கண்டுகொண்டார்கள் என்று சயாமா சொன்னார்கள். நான் அதைக் கேட்டு அவர்களுக்கு முன்னாலேயே சிரித்துவிட்டேன். பொய்யை மறைத்துவைக்கிற பிள்ளை பொய்க்குத் தேதியும் போட்டு அடுக்கிவைப்பாளா. அதைவிடச் சிரிப்பு, நீ எழுதிக் கொடுத்த விளக்கத்தில் எழுத்துப்பிழை இருந்தது என்று உன்னோடு வேலை பார்க்கிற இரண்டு பெண்கள் உட்கார்ந்து திருத்திக்கொடுத்து மூன்று தரம் எழுதவைத்தார்களாமே. தப்பு செய்தவளுக்கு, தப்பை ஒப்புக்கொள்கிற கடிதத்தைப் பிழையில்லாமல் எழுதித்தருகிறவர்களை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். திருகு கழன்றால் வெளியே போடுகிறவர்கள் என்று நினைத்தேனே, இவர்கள் ஏன் கழன்றது, எப்படிக் கழன்றது என்று உட்கார்ந்து பேசி, தாளில் யார் கண்முன்னால் சாப்பிட்டார் என்று ஒரு புதுக் கட்டமே போட்டுவிட்டார்கள். இவர்கள் பேசுவது குறைவு, எழுதுவது அதிகம், அதுதான் எனக்குத் தெரிந்த வித்தியாசம், மற்றபடி எல்லாரையும் போல நெஞ்சில் ஈரம் உள்ளவர்கள்தான்.

அந்தக் கொண்டோ பெரியவரை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறவில்லை. அந்தப் பெண் மதியம் சாப்பிடுவதில்லை, தூர தேசத்திலிருந்து வந்திருக்கிறாள், சாப்பாட்டுக்கு வழியில்லை போலிருக்கிறது, கேட்டால் வெட்கப்படுவாள் என்று நினைத்துத் தன் பங்கை உனக்குக் கொடுத்திருக்கிறார். அவர் உனக்காகப் பட்டினி, நீ அல்லாஹ்வுக்காகப் பட்டினி, நடுவில் பதினேழு பலகாரம் பெட்டிக்குள் காய்ந்துகொண்டிருந்தது. நோன்பு என்றால் என்ன என்று ஒகாவா அம்மா அவருக்கு விளக்கியபோது, பொழுது எப்போது சாய்கிறது என்று முதலில் கேட்டாராம். மிச்ச நாட்களில் காலையிலேயே பத்திரிகையைப் பார்த்து, கைக்கடிகாரத்தைத் தட்டி, இன்றைக்கு ஐந்து ஐம்பத்தொன்பது என்று உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாராமே, பள்ளிவாசலில் வாங்கு சொல்கிற மோதினார்கூட இவ்வளவு கணக்காக இருக்கமாட்டார். அவருக்கு என் சலாமைச் சொல், அவருக்குப் புரியாவிட்டாலும் சொல்.

இனி நான் சொல்வதை ஏச்சு என்று எடுத்துக்கொள்ளாதே, ஏச்சு எனக்குத்தான். விமான நிலையத்தில் நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னேன் என்று நினைத்துப் பார். பெரியவர்கள் எது கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லாதே, உணவை வீணாக்காதே, நீ நோன்பு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே என்றேன். நீ மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டாய். பர்மியர்கள் ஆனாடே என்பார்களே, மற்றவர் மனம் சங்கடப்படுமோ என்று தானே சங்கடப்பட்டுக்கொண்டு வாயை மூடிக்கொள்வது, அதை நாமும் பாலோடு குடித்துவிட்டோம். மழையில் நனைந்தாலும் குடை கேட்க ஆனாடே, கொடுத்த குடையைத் திரும்பக் கேட்கவும் ஆனாடே. நம் தெருவில் அது செல்லும், ஏனென்றால் இங்கே ஒருவர் வாயை மூடினால் பக்கத்தில் ஹமீதுன்னிசா லாத்தா மாதிரி நாலு பேர் வாய் திறந்திருக்கும், விஷயம் எப்படியும் வெளியே வந்துவிடும். நீ போன இடத்தில் எல்லாருக்குமே ஆனாடே. அதனால் இனி ஒரு காரியம் செய், வேண்டாததை வேண்டாம் என்று சொல், ஏன் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல், சிரித்த முகத்தோடு சொன்னால் ஒருவரும் கோபிக்கமாட்டார்கள். அடுத்த நோன்புக்கு முன்னாலேயே தலைவியிடம் போய்த் தேதியைச் சொல்லிவிடு. உடம்பு முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல். பல் வலி என்றாயே, டாக்டரிடம் காட்டினாயா, அதையும் கூச்சத்தில் பூட்டிவைத்திருக்கிறாயா. ஈரத் துணியை ஹீட்டருக்குப் பக்கத்தில் போடாதே, கால் உறை இரண்டு போட்டுக்கொள்.

இங்கே மற்ற சேதி, மாஹிர் லான்மடாவில் போன் பழுதுபார்க்கிற கடையில் சேர்ந்திருக்கிறான், வீட்டிலிருக்கிற நல்ல போனையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஓய்வான் போலிருக்கிறது. ஹமீதுன்னிசா லாத்தாவின் மகள் ஸமீராவுக்கு நிக்காஹ் பேசி முடித்துவிட்டார்கள், மாப்பிள்ளை டாலாவில் பள்ளிக்கூடத்தில் வேலை, லாத்தா படகில் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரமாக அதே பேச்சு. வாப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனால் மேலே சொன்ன மாதிரி குடை பிடித்துக்கொண்டு நடக்கிற அளவுக்கு இருக்கிறார். பெருநாளுக்கு வட்டலாப்பம் செய்தேன், இந்த முறை இறுகவில்லை, யாரும் குறை சொல்லவில்லை, நீ இருந்திருந்தால் சொல்லியிருப்பாய்.

இதைச் சொல்லத்தான் இந்தக் காகிதத்தையே எடுத்தேன், இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன். என்னை அனுப்பிடுவாங்க உம்மா என்று நீ அழுதபோது என் நெஞ்சு பதறியது உண்மை. ஆனால் லைன் அறுந்த பிறகு, அந்தப் பதற்றத்துக்குள்ளேயே ஒரு சந்தோஷம் வந்தது, என் பிள்ளை வரப்போகிறாள் என்று. நீ அங்கே அழுதுகொண்டிருக்கிறாய், இங்கே நான் உன் பாயை எடுத்து வெயிலில் போட்டேன். தலையணை உறையை மாற்றினேன், உன் மூலையிலிருந்து மாஹிரின் சாமான்களை எடுக்கச் சொன்னேன், வாப்பா எதற்கு என்று கேட்டார், பெருநாள் வருகிறதே என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் நாள் கடைத்தெருவுக்குப் போய் நீ வந்தால் கட்டிக்கொள்ளப் பச்சையில் பூப்போட்ட லோஞ்ஜித் துணி எடுத்தேன். தொழுகையில் கை ஏந்தி என் பிள்ளையின் வேலை நிலைக்கட்டும் என்று வாயால் கேட்டேன், மனம் என்ன கேட்டது என்று அல்லாஹ்வுக்குத் தெரியும். நீ பெருநாள் காலையில் சிரித்துக்கொண்டு சொன்னபோது எல்லாரையும்விட நான்தான் அதிகமாக அழுதேன், சந்தோஷத்தில் அழுகிறாள் என்றார்கள் லாத்தா, பாதி அது, பாதி அது இல்லை. இதை உன்னிடம் மறைத்துவிட்டு உனக்கு மட்டும் வாயைத் திற என்று புத்தி சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த ஒரு வாரமாக எனக்கு நல்ல தூக்கம் வருகிறது மகளே, நீ பசித்திருக்கிறாயா என்று பார்க்கிற கண் அங்கேயும் இருக்கிறது என்று தெரிந்த பிறகு வருகிற தூக்கம். நேற்று மாஹிரைக் கூப்பிட்டு உன் மூலையை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பச்சைத் துணியைத்தான் புஷ்பாவிடம் கொடுத்திருக்கிறேன், அங்கேயே தைத்து அங்கேயே கட்டிக்கொள்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நோயில்லாத உடம்பையும், நல்லவர்கள் நடுவில் நல்ல பெயரையும் தரட்டும். வாப்பா உனக்குச் சலாமும் துஆவும் சொல்லச் சொன்னார், ஒகாவா அம்மாவுக்கு அவர் பெயரால் ஒரு தரம் குனிந்து நன்றி சொல்லச் சொன்னார், மறக்காமல் செய், இதை அவரே வாய் திறந்து கேட்டார்.

நீ வந்துவிடமாட்டாயா என்று ஆசைப்பட்ட, வராமல் போனதற்கு ஐந்து வேளையும் நன்றி சொல்கிற,
உன் உம்மா
ஜைனப்